அம்மாவைத் தொட்டபெட்டாவுக்குக் கூட்டிப்போகலாமா?

"நீங்கெல்லாம் மேல போய்ப் பாத்துட்டு வாங்க கண்ணு, நான் வண்டியிலயே உக்காந்துக்கறேன்." குடும்பத்தோடு ஊட்டி போன எந்த வீட்டிலும் ஒரு அம்மாவோ மாமனாரோ இதைச் சொல்லியிருப்பார்கள். என் அம்மாவுக்கு 74 வயது. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஊட்டிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார், ஆனால் தொட்டபெட்டா உச்சியைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர், "அவ்வளவு உயரம் வேண்டாம், பிரஷர் ஏறிடும், மூச்சு முட்டும்" என்று சொல்லிவிடுவோம். அவரும் சரி என்று காரிலேயே இருந்துவிடுவார்.

போன வருடம் இதை அப்படியே விட மனம் வரவில்லை. உயரம் உடம்பை என்ன செய்கிறது என்று படித்தேன், அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டேன், அப்புறம்தான் கூட்டிப்போனேன். எனக்குப் புரிந்தது இதுதான்: நல்லபடியாக நடமாடும் முதியவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தொட்டபெட்டாவின் உயரம் தாங்கக்கூடியது. நாம் அவர்களைக் கூட்டிப்போகிற அவசரம்தான் பெரும்பாலும் தாங்க முடியாததாகிவிடுகிறது.

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தமிழ்நாட்டில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. படுகர் பேச்சில் 'தொட்ட' என்றால் பெரிய, 'பெட்ட' என்றால் மலை. இவ்வளவு பெரிய மலையின் உச்சிவரை தார்ச்சாலை போகிறது. ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான். கோத்தகிரி ரோட்டில் வந்து, தொட்டபெட்டா ஜங்ஷனில் திரும்பி ஏற வேண்டும். பழனிமலைப் பக்கம் கோடைக்கானல் ஊர் 2,100 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. 1899இல் தொடங்கிய அங்குள்ள சூரிய ஆய்வகம் இன்னும் மேலே, 2,343 மீட்டரில். நான் சொல்லப்போவது அங்கே போகிறவர்களுக்கும் பொருந்தும்.

இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் நிலைமை வேறு. 1834இல் சென்னையில் வந்து இறங்கிய மெக்காலே ஊட்டிக்குப் பல்லக்கில்தான் போனார். மனிதர்கள் தோளில் சுமந்து கொண்டுபோனார்கள். பயணம் நாள் கணக்கில் நீண்டது. சுமந்தவர்களுக்கு அது என்ன பாடு என்பது தனிக்கதை. ஏறுகிறவர் உடம்புக்கு மட்டும் பழகிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. இன்றைக்குக் கோயம்புத்தூரில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உச்சியில் நிற்கலாம். சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருந்த உடம்பு அரை நாளுக்குள் 2,600 மீட்டரைத் தாண்டிவிடுகிறது.

அந்த உயரத்தில் காற்று எப்படி இருக்கிறது? காற்றில் ஆக்ஸிஜன் பங்கு எங்கேயும் ஏறக்குறைய 21 சதவீதம்தான், தொட்டபெட்டாவிலும் அதேதான். குறைவது அழுத்தம். கடல் மட்டத்தில் இருப்பதில் ஊட்டியில் 76 சதவீதம் போல இருக்கிறது, தொட்டபெட்டா உச்சியில் 72, 73 சதவீதம். அதாவது ஒரு தடவை இழுக்கும் மூச்சில் ஆக்ஸிஜன் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேட்டுப்பாளையத்தில் பேத்தி வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் தலையணை மாதிரி உப்பிவிட்டது. வெடித்துவிடுமோ என்று அவள் பயந்துபோய் அதைப் பாட்டி மடியில் வைத்துவிட்டாள். வெளியே அழுத்தம் குறையக் குறைய, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. நம் வயிற்றிலும் இதேதான் நடக்கிறது. மலை ஏறும்போது வயிறு உப்புசமாக இருக்கிறது, ஏப்பம் வருகிறது என்று பெரியவர்கள் சொன்னால் அது வெறும் வாயுத்தொல்லை என்று தள்ளிவிட வேண்டாம். கிளம்பும் முன் பூரி, பொங்கல் என்று வயிறு முட்டச் சாப்பிடாமல் இருந்தால் பாதி சரியாகிவிடும்.

கால் பங்கு காற்று குறைந்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜனும் கால் பங்கு குறைந்துவிடுமா? குறையாது. இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம், எனக்கும் தெரியாமல் இருந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் குணம் அப்படி. இதற்கு நீலகிரியையே படமாக வைத்துக்கொள்ளலாம், நிலத்தின் உயரம்தான் ரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் அளவு. மேலே பரந்த மேட்டுநிலம். அதில் எவ்வளவு தூரம் நடந்தாலும் பெரிய இறக்கம் தெரியாது. கோடநாடு காட்சிமுனை போன்ற விளிம்புக்கு வந்துவிட்டால் மட்டும் நிலம் காலடியிலிருந்து செங்குத்தாகக் கீழே போய்விடும். நல்ல நுரையீரல் இருக்கிறவர் அந்த மேட்டுநிலத்தின் நடுவில் நிற்கிறார். காற்றழுத்தம் குறைவது அவரை விளிம்புப் பக்கம் கொஞ்சம் தள்ளுகிறது, அவ்வளவுதான். 97, 98 சதவீதம் என்று இருந்த ஆக்ஸிஜன் அளவு 90களின் முற்பாதிக்கு இறங்கும், உடம்பு கொஞ்சம் வேகமாக மூச்சு வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். நுரையீரல் ஏற்கெனவே பழுதானவரோ கம்பித் தடுப்பின் ஓரத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார். அவரை அதே அளவு தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

என் பெரியப்பா அப்படி ஓரத்தில் நிற்பவர். பஞ்சாலையில் 30 வருடம் வேலை, கூடவே பீடி. வீட்டில் இரண்டாவது மாடிக்கு ஏறவே நடுவில் நின்றுதான் போவார். அவரும் எங்களோடு வந்தார், குன்னூர் வரைக்கும். தொட்டபெட்டா வேண்டாம் என்று அவருடைய டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நாங்கள் மேலே போன நேரத்தில் அவர் சிம்ஸ் பூங்காவில், புல்வெளி ஓரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வர்க்கி தின்றுகொண்டிருந்தார், துணைக்கு என் தம்பி. அதிலும் ஒன்றும் குறையில்லை.

ஆக, வயதைப் பார்த்து முடிவு செய்வது தப்பு. இதயம், நுரையீரல், ரத்தம் இந்த மூன்றையும்தான் பார்க்க வேண்டும். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், நடந்தால் நெஞ்சு பிடிக்கிறது என்பவர்கள், இதயம் பலவீனமாகிக் கால் வீங்குகிறவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், ரத்தசோகை அதிகம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. மற்றவர்களுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது, டாக்டர்களும் அதைத்தான் கேட்பார்கள்: இரண்டு மாடி படி, நெஞ்சு வலிக்காமல், ரொம்ப இளைக்காமல் ஏற முடிகிறதா? முடிகிறது என்றால் பயம் பாதிக்கு மேல் போய்விடும்.

இன்னொரு ஆறுதலான செய்தியும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2,500 மீட்டர் உயரத்தில் வேயில் என்று ஓர் ஊர். அங்கே வந்து தங்கிய 97 முதியவர்களை ஐந்து நாள் கவனித்து எழுதிய ஆய்வு 1995இல் வெளியானது. அவர்களின் சராசரி வயது ஏறக்குறைய 70. பலருக்கு ரத்த அழுத்தமும் இதய நோயும் இருந்தன. தலைவலி, குமட்டல் என்று மலைநோய் கண்டது 16 சதவீதம் பேருக்குத்தான். இளவயதுக்காரர்களிடம் காணப்படும் அளவைவிட இது சற்றுக் குறைவு. அவர்கள் அங்கேயே படுத்துத் தூங்கினவர்கள். தொட்டபெட்டாவுக்குப் போகிற நாம் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு இறங்கிவிடுகிறோம். விமானத்துக்குள் காற்றழுத்தத்தையும் 2,400 மீட்டர் சொச்சம் உயரத்துக்குச் சமமான அளவுவரை குறைய விடுகிறார்கள். மகனைப் பார்க்க அமெரிக்காவுக்குப் பதினைந்து மணி நேரம் பறக்கிற பாட்டி, ஊட்டி மாதிரி ஓர் உயரத்தில்தான் அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருக்கிறார். அவரை விமானத்தில் அனுப்பத் தயங்காத நாம் தொட்டபெட்டாவில் காரில் உட்கார வைக்கிறோம்.

சரி, எப்படிப் போவது? ரயிலா, ரோடா?

முடிந்தால் ரயில் என்பதுதான் என் கட்சி. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணி வாக்கில் கிளம்பும் மலை ரயில் ஊட்டி போய்ச் சேர ஐந்து மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்கிறது. 46 கிலோமீட்டர் தூரம், 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த பாதை, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் மேலே ஏறும். ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளரின் முறை அது. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற்றம், சாதாரணச் சக்கரம் அதில் வழுக்கிவிடும். அந்த ஏற்றத்தில் எஞ்சின் பின்னால் இருந்துகொண்டு பெட்டிகளைத் தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்பார். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் போலத்தான்.

பெரியவர்களுக்கு அந்த மெதுவான ஓட்டமே வரப்பிரசாதம். காதுக்குள் அழுத்தம் சமமாக நேரம் கிடைக்கிறது. கொண்டை ஊசி வளைவில் கார் திரும்பும்போது உடம்பு ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமும் இழுபடும் வேதனை இல்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் இருக்கிறவர்களைக் கேட்டால் இதன் அருமையைச் சொல்வார்கள். ஆனால் ரயிலால் உயரம் பழகிவிடும் என்று நினைக்க வேண்டாம். உடம்பு பழக நாட்கள் வேண்டும், ஐந்து மணி நேரம் போதாது. அப்புறம், பெட்டிக்குள் கழிவறை கிடையாது. வழியில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையங்களில்தான் இறங்கிப் போய்வர வேண்டும். ஏறி இறங்கும் படி முட்டி வலிக்காரர்களுக்கு உயரம்தான், கையைப் பிடித்து ஏற்ற ஆள் கூட இருக்க வேண்டும். டிக்கெட் முன்கூட்டியே போட்டால்தான் உண்டு. ஏறும்போது ரயில், இறங்கும்போது கார் என்று வைத்துக்கொண்டால் நல்லது. அல்லது ரயிலை குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று தேயிலைக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவே போகும் பாதை அது, முதியவர்கள் அலுக்காமல் உட்கார்ந்து வருவார்கள்.

காரில் போகிறவர்கள் பெரியவர்களை முன்சீட்டில் உட்கார வைக்க வேண்டும். கண் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் உள்காதும் கண்ணும் ஒரே சேதியைச் சொல்லும், தலை சுற்றாது. பின்சீட்டில் உட்கார்ந்து செல்போன் பார்த்தால் யாருக்கும் குமட்டும். வாந்தி வராமல் இருக்க மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையைப் பெரியவர்களுக்குத் தானாகக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் பல தூக்கத்தைத் தரும், தள்ளாட வைக்கும். பிராஸ்டேட் தொல்லை இருக்கும் ஆண்களுக்குச் சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்ளவும் செய்யும். நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அதை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். சோதனைச்சாவடியில் அரை மணி நேரம் வெயிலில் நிற்பது இளைஞர்களுக்குச் சலிப்பு, சர்க்கரை நோயாளிக்குச் சாப்பாட்டு நேரம் தவறும் ஆபத்து.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். அம்மா கோயம்புத்தூரில் கிளம்பியதிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பர்லியாறில் நிறுத்திப் பாட்டிலை நீட்டினேன். "தாகமே இல்ல கண்ணு" என்றார். தாகம் இல்லாமல் இல்லை. வழியில் பாத்ரூம் எங்கே இருக்கும், சுத்தமாக இருக்குமா, குந்த முடியுமா, பேரன்கள் முன்னால் நிறுத்தச் சொல்வதா என்ற கணக்கு அது. நம் வீட்டுப் பெண்கள் ஆயுள் முழுக்கப் போட்ட கணக்கு. அன்றைக்குக் காலை பிரஷருக்காகச் சாப்பிடும் நீர் மாத்திரையையும் அவர் விட்டுவிட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

உயரமும் குளிரும் சேர்ந்தால் சிறுநீர் கூடுதலாகப் போகும். காற்றும் உலர்ந்திருக்கும், வேகமாக மூச்சு விடும்போது ஈரம் வெளியேறும், குளிரில் தாகம் தெரியாது. இதோடு குடிக்காமலும் இருந்தால் ரத்தத்தில் நீர் குறைந்து, காரிலிருந்து எழுந்து நிற்கும்போது தலை கிறுகிறுக்கும். மேலே போய் மயங்கி விழுந்தார் என்றால் உயரத்தின் மேல் பழி போடுகிறோம். பாத்ரூமுக்கு நாம் வழி பண்ணித் தராததுதான் பல நேரம் காரணம். அதனால் எங்கே நிறுத்துவது என்பதை முதலில் முடிவு செய்து, அதைப் பெரியவர்களிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் ஒரு நல்ல ஓட்டல், குன்னூரில் ஒன்று, ஊட்டியில் தங்கும் அறை. நிற்கும் இடம் தெரிந்துவிட்டால் அவர்களே தண்ணீர் கேட்டுக் குடிப்பார்கள். மாத்திரையை விடவும் கூடாது, நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் முன்னாடியே கேட்டுக்கொள்ளலாம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டிலும் ஒரு பிளாஸ்கில் வெந்நீரும் கையோடு இருக்கட்டும்.

ஒரே மூச்சில் உச்சிக்குப் போகாதீர்கள். நாங்கள் குன்னூரில் ஓர் இரவு தங்கினோம். ஊட்டியைவிட 400, 500 மீட்டர் தாழ்வு, தூக்கம் நன்றாக வரும். உயரத்தில் முதல் ராத்திரி பலருக்கும் தூக்கம் விட்டுவிட்டுத்தான் வரும். அதற்காகத் தூக்க மாத்திரை போடுவதும், ஆண்கள் 'குளிருக்கு ஒரு பெக்' என்று ஊற்றிக்கொள்வதும் தப்பு, இரண்டும் மூச்சை மந்தமாக்கும். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு மேல் கிளம்பினால் போதும். வெயில் கொஞ்சம் ஏறியிருக்கும், மேகம் இன்னும் கூடியிருக்காது.

குளிர் சாதாரணமாக நினைக்கிற விஷயமில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்துக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவே 15 டிகிரி வித்தியாசம், மேலே காற்று அடித்தால் உடம்புக்கு இன்னும் கூடுதலாகத் தெரியும். குளிர் காற்றில் ரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். இதயத்துக்கு வேலை கூடும் அந்த நேரத்தில்தான் நாம் ஏற்றத்தில் நடக்கச் சொல்கிறோம். ஸ்வெட்டரையும் குல்லாவையும் காருக்குள்ளேயே போட்டுவிட்டு, காதை மூடிக்கொண்டு, அப்புறம்தான் கதவைத் திறக்க வேண்டும்.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து தொலைநோக்கி இல்லம் வரை கொஞ்சம் ஏற்றமும் படிகளும். அங்கேதான் எல்லாக் குடும்பமும் தப்பு செய்கிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள், அவர்களைப் பிடிக்க நாம் வேகமாகப் போகிறோம், பின்தங்கக் கூடாதென்று பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வருகிறார். நான் அம்மாவோடு பேசிக்கொண்டே நடந்தேன். ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வரைக்கும் நடக்கலாம், நடுவில் வார்த்தை அறுந்தால் நிற்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். பத்துப் படி, ஒரு நிற்பு. மூன்றாவது நிற்பில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் சின்னத் தாத்தாவின் கல்யாணக் கதையை ஆரம்பித்துவிட்டார், முடியும்வரை நகரவில்லை.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் பையில் இருந்தது. விரலில் மாட்டியதும் 84 என்று காட்டியது. எனக்கு உள்ளுக்குள் பகீர் என்றது. அம்மாவோ நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், உதடு நீலமாகவில்லை, இளைப்பும் இல்லை. விரலைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. அவர் கையை என் இரண்டு கைக்குள் வைத்து மூன்று நான்கு நிமிடம் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினேன், 92. விரல் சில்லிட்டிருந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து கருவி தப்பாகக் காட்டும். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு அழுத்தினால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் உடனே இறங்கிவிட வேண்டும், நெஞ்சு வலி என்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு. உயரத்தால் வரும் தொல்லைக்கு இறங்குவதுதான் முதல் மருந்து. தொட்டபெட்டாவில் அந்த மருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது, உச்சிவரை வந்த அதே ரோடு.

இறங்கும்போது காது அடைப்பது ஏறும்போதைவிட அதிகம். சளி பிடித்திருந்தால் வலிக்கவும் செய்யும். ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு அடிக்கடி எச்சில் விழுங்கினால் விட்டுவிடும். இறக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடுவது நல்லது, தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும்.

உச்சியில் நாங்கள் நின்றது முக்கால் மணி நேரம். முதல் இருபது நிமிடம் மேகம்தான், வெள்ளையாக, கைப்பிடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. அம்மா நகரவில்லை. "இரு, வெலகும்" என்றார். விலகியபோது கீழே ஊட்டி, அதற்கப்பால் மடிப்பு மடிப்பாக மலைகள். தொலைநோக்கியில் பார்க்கக் கூப்பிட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். கண்ணாலேயே பார்த்துக்கொண்டு நின்றார். வழியில் குன்னூரில் பெரியப்பாவை ஏற்றிக்கொண்டோம். மேட்டுப்பாளையம் வரும்வரை அம்மா அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மடியில் இருந்த சிப்ஸ் பாக்கெட், யாரும் பிரிக்காமலேயே, பழையபடி சப்பையாகிவிட்டிருந்தது.